மீன்முள்ளும் கற்கண்டும்

கோட்டையின் மேல் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. பழவேற்காட்டுப் பட்டணம் ஏரிக்கு அந்தக் கரை, எங்கள் குப்பம் இந்தக் கரை. கோல் ஊன்றித் தோணியில் போனால், ஒரு வெற்றிலையை மென்று துப்பிவிட்டு அடுத்ததை மடிக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தத் தூரத்தைக் கடந்து பட்டணம் பார்க்க நான் மூன்று வருடம் காத்திருந்தேன்.

பெண் பார்க்க வந்தபோதே என் வீட்டுக்காரர் சொன்னார், "கோட்டையக் காட்றேன், கப்பலக் காட்றேன், கடைத்தெருவக் காட்றேன்" என்று. நான் ஆரணியாற்றங்கரையில் ஆற்றுமீன் பிடிக்கிறவர் மகள். கப்பல் என்றால் எங்கள் அப்பாவின் தோணியைக் கொஞ்சம் பெரிதாக்கி நினைத்துக்கொள்வேன். அந்த வாய்ச்சொல்லை நம்பிக் கழுத்தை நீட்டினேன். மூன்று வருடத்தில் அவர் எனக்குக் காட்டியது வலையில் இருந்த கிழிசலை மட்டும்தான்.

இத்தனைக்கும் அவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு. எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ஒவ்வொரு இடத்தையும் பாடு என்போம். ஒரு பாடு இன்று எங்கள் குப்பத்துக்கு என்றால் நாளை பக்கத்துக் குப்பத்துக்கு. அதனால் இடைப்பட்ட நாளில் தோணி கரையில் கிடக்கும், வலை வெயிலில் காயும், என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் கிடப்பார். கிடக்கிறவர் சும்மா கிடப்பாரா? குழம்பில் புளி தூக்கல் என்பார். கூரையில் எலி ஓடுகிறது என்பார். எலியை ஓட்டச் சொன்னால் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் ஒரு காலையில் எழுந்து, முகம் கழுவி, என்னிடம் வந்து நின்றார். "வாமே, புள்ளைய இட்டுனு பட்டணம் போய்ட்டு வரலாம்" என்றார்.

நான் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து சில மாதம். அவளோடு வெளியே கிளம்புவது என்றால் என்னவென்று பெற்றவர்களுக்குத் தெரியும். போவது மூன்று பேர்தான், மூட்டை ஒரு கல்யாணத்துக்கு ஆகும். மாற்றுத் துணி, துடைக்கத் துணி, அதையும் நனைத்துவிட்டால் இன்னொரு துணி, ஓலைப்பெட்டியில் புட்டு, சுரைக்குடுக்கையில் தண்ணீர். இதற்கு மேல் அவளுடைய நண்டு ஓடு. காய்ந்து வெளுத்த ஒரு நண்டு ஓட்டை அவள் பிள்ளையாக வளர்த்துவந்தாள். அது வராவிட்டால் அவளும் வரமாட்டாள். முதல் நாள் பாதி ஏரி போனபிறகுதான் அது வீட்டில் கிடப்பது தெரிந்தது. தோணியைத் திருப்பினோம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கோட்டைத் துறையில் இறங்கினோம். தூரத்தில், அலைக்கு வெளியே, கப்பல் நின்றது. எங்கள் குப்பத்தை அப்படியே தூக்கி அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தலாம். "பாருடி கண்ணு, கப்பல், கப்பல்" என்று மகளின் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். அவள் கழுத்து மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது. துறையில் ஒரு ஆடு யாருடைய பாயையோ தின்றுகொண்டிருந்தது. அவளுக்கு அதுதான் பட்டணம். பாய் தீரும்வரை நின்று பார்த்தாள். பிறகு ஆட்டுக்குத் தன் புட்டைக் கொடுத்தாள்.

அந்த வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்பு அங்கியோடு ஒரு ஒல்லாந்தர் வந்தார். முகம் வெந்த இறால் நிறம். எங்கள் மகள் அரைஞாண் கயிற்றைத் தவிர ஒன்றும் இல்லாமல் நின்றாள், மூன்று துணி எடுத்துப் போயும். இருவரும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் கண்ணிலும் இரக்கம் தெரிந்தது. அவர் போனபிறகு அவள் அவர் நடந்த மாதிரியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினாள். நாங்கள் சிரித்தோம். கல்யாணமான பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ போய் கடைத்தெருவு பாத்துனு வாமே. புள்ளைய நான் பாத்துக்கறேன்."

கேட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையை வீசிக்கொண்டு தனியாக ஒரு தெருவில் நடப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று இடுப்பில் பிள்ளை இருப்பவளைக் கேட்டால் சொல்வாள். கப்பல் ஏறப்போகிற துணிகளை ஒரு முற்றத்தில் காயவைத்திருந்தார்கள். பூவும் கொடியும் பறவையுமாக, சிவப்பும் நீலமுமாக. தொடக்கூடாது என்று ஒருவன் கம்பு வைத்துக்கொண்டு நின்றான். கண்ணாலேயே நாலு துணியைக் கட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்பனும் மகளும் மணலில் எதிரெதிரே உட்கார்ந்து கிளிஞ்சலும் கட்டையும் வைத்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எல்லாவற்றையும் மடியில் வாரிப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் ஓய்வு நாள் வந்தால் பட்டணம்தான். ஒருநாள் துறை, ஒருநாள் சந்தை, ஒருநாள் முகத்துவாரத்து மணல். போகும்போது மகளைத் தூக்கினால் இறக்கு என்பாள், இறக்கினால் தூக்கு என்பாள், இரண்டுக்கும் நடுவே மணலில் விழுந்து புரள்வாள். அலையைக் கண்டால் அழுகை, அலை பின்வாங்கினால் அதைவிடப் பெரிய அழுகை. சந்தையில் ஒருத்தியின் கூடையிலிருந்து உயிர் நண்டை எடுத்துத் தன் நண்டு ஓட்டுக்கு உறவு காட்டப் போய், விரலைக் கொடுத்துவிட்டு ஊரைக் கூட்டினாள். ஒரு நாளாவது அவர் அலுத்துக்கொண்டாரா? இல்லை. திரும்புகிற வழியில் கற்கண்டு வாங்கி, இலையில் மடித்து, இடுப்பு முடிச்சில் வைத்துக்கொள்வார். அவருக்குத் தித்திப்பு ஆகாது. மறுநாள் அவர் வேட்டியைத் துவைக்கும்போது முடிச்சிலிருந்து எறும்பு வரிசையாக வரும். பிள்ளைமேல் இவ்வளவு ஆசையா என்று எறும்பைக்கூட மெதுவாகத்தான் தட்டிவிட்டேன்.

குப்பத்துப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். "உன் வூட்டுக்காரு மாதிரி வருமா? எங்களுதுங்களும் கீதே" என்று பெருமூச்சு விட்டார்கள். இரண்டு மாதம் நான் தலையை நிமிர்த்திக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனேன். அந்த நிமிர்ந்த தலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எல்லாப் பாடும் ஒன்றல்ல. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் வலை போட்டால், நீர் ஏறி இறங்கும்போது இறால் தானாக வந்து விழும். வடக்கே போனால் முழங்கால் சேறு. நாரைகளுக்கு அது விருந்து, மனிதனுக்கு மூக்கைப் பிடிக்கிற இடம். யாருக்கு எந்தப் பாடு என்று வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்னால், அம்மன் கோயில் பூவரச மரத்தடியில் சீட்டு எடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு மூன்று வருடமாக வடக்குச் சேறு. அவர் கால் விரல் இடுக்கெல்லாம் புண். மூன்று வருடமும் சீட்டு எடுத்த அன்று அவர் யாரிடமும் பேசாமல் வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். முகத்துவாரம் அவருக்கு ஆசை இல்லை, ஏக்கம்.

சீட்டு என்றால் ஓலை இல்லை. வலையில் கட்டுகிற மிதப்புக்கட்டை. வீட்டுக்கு ஒரு கட்டை, அதில் அந்த வீட்டுக் குறி. ஒரு வீட்டுக்கு வட்டம், ஒரு வீட்டுக்குப் பிறை, எங்கள் வீட்டுக்கு மீன்முள்: நடுவே ஒரு கோடு, குறுக்கே நாலு கோடு. எல்லாவற்றையும் ஒரு அகன்ற மண்சட்டியில் போடுவார்கள். எடுப்பது ஒரு குழந்தை. தானாக நடக்கத் தெரிந்திருக்க வேண்டும், கோர்வையாகப் பேசத் தெரிந்திருக்கக் கூடாது. பேசுகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து விடுவார்களாம். அந்த வருடம் குப்பத்தில் மற்றதெல்லாம் தவழ்ந்துகொண்டிருந்தன, இல்லாவிட்டால் வாயாடின. நடுவில் இருந்தது எங்கள் மகள் ஒருத்திதான். அம்மா, நைனா, தா, இன்னும் ரெண்டு வார்த்தை. அவள்தான் எடுக்கப்போகிறாள் என்பது இரண்டு மாதம் முன்பே ஊருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காரணம், நான் துணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருநாள் வெயில் தாங்கவில்லை. நிழல் தேடி ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் ஒதுங்கினோம். உள்ளே நான் வரமாட்டேன் என்றேன், வாசலிலேயே உட்கார்ந்தோம். அந்த வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். செத்தவனை உள்ளே வைத்துவிட்டு, எலும்பை வாசலில் வைத்து வா என்று கூப்பிடுவது என்ன வழக்கமோ தெரியவில்லை. பிள்ளை பயந்துவிடப் போகிறாளே என்று முந்தானையால் அவள் முகத்தை மூடினேன். அவள் முந்தானையை விலக்கினாள். எலும்புக்கூட்டை மேலும் கீழும் பார்த்தாள். அதன் விலா எலும்பில் கண் நின்றது. நடுவே ஒரு கோடு, குறுக்கே பல கோடு.

"முள்ளு!" என்றாள்.

என்ன தெளிவு! என்ன சத்தம்! இறங்கி ஓடினாள். எலும்புக்கூட்டின் காலைத் தட்டினாள். திரும்பி அவள் அப்பாவிடம் வந்தாள். இரண்டு கையையும் அவர் முழங்காலில் ஊன்றி, கண்ணை மூடி, வாயை ஆவென்று திறந்தாள்.

அவர் கை தன் பாட்டுக்கு இடுப்பு முடிச்சுக்குப் போனது. ஒரு துண்டு கற்கண்டை எடுத்து அவள் வாயில் போட்டது. அப்புறம்தான் அவருக்கு நான் பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது.

"இன்னாய்யா இது?" என்றேன்.

"இன்னாது?"

"முள்ளுன்னா வாயத் தொறக்குது. வாயத் தொறந்தா நீ போடற. இன்னா இது?"

"புள்ள கேட்டுச்சு, குட்தேன்."

"மடியக் காட்டு."

காட்டமாட்டேன் என்றார். நானே அவிழ்த்தேன். கிளிஞ்சலோடு ஏழெட்டு மிதப்புக்கட்டை விழுந்தது. ஒன்றில் வட்டம், ஒன்றில் பிறை, ஒன்றில் மீன்முள். ஊரார் குறி எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செதுக்கி வைத்திருந்தார். வீட்டில் எலி ஓட்ட நேரமில்லாதவருக்கு இதற்கு நேரம் இருந்திருக்கிறது. கீழே விழுந்ததும் மகள் குந்தி, மீன்முள்ளை மட்டும் பொறுக்கி அவரிடம் நீட்டி, மறுபடி வாயைத் திறந்தாள். மூன்று முறை கலைத்துப் போட்டேன். மூன்று முறையும் தப்பவில்லை. நான் பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு புத்தியா என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

தோணியில் திரும்பும்போது நான் பேசியதை வெளியே சொல்ல முடியாது. கரைக்குக் கேட்டிருக்கும். கடைசியாகக் குரல் இறங்கிப்போய், "அப்ப எங்கள இட்டுனு வந்தது, தூக்கினு அலஞ்சது, எல்லாம் அந்த முகத்துவாரத்துக்குத்தானா?" என்று கேட்டேன்.

அவர் கோலை ஊன்றிக்கொண்டே இருந்தார். "புள்ளையும் குஷியாத்தானே கீது" என்றார்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஏமாற்றியது ஊரை என்றால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னைத் தனியாகக் கடைத்தெருவுக்கு அனுப்பியது, நண்டு ஓட்டுக்காகத் தோணியைத் திருப்பியது, அந்த ஒல்லாந்தரைப் பார்த்துச் சிரித்தது, எல்லாம் பொய்யாகிவிட்டதே என்றுதான் வயிறு எரிந்தது. சீட்டு முடிந்த மறுநாள் இந்த மனிதர் பழையபடி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவார். பட்டணமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும், அவரை மட்டும் திட்டினால் அம்மன் கண்ணைக் குத்தும். மூன்றாம் நாள் அவர் சேற்றிலிருந்து வந்து காலைக் கழுவினார். விரல் இடுக்கில் ரத்தம். நான் பார்க்காத மாதிரி உள்ளே போனேன். அரிசி மாவை எடுத்தேன். அடுப்படித் தரையில் ஒரு வட்டம், ஒரு பிறை, ஒரு மீன்முள் போட்டேன். "எங்கடி முள்ளு?" என்று மகளைக் கேட்டேன். அவள் ஓடிப்போய் மீன்முள்ளின் மேல் உட்கார்ந்தாள். நானும் ஒரு துண்டு கற்கண்டு போட்டேன். கோபம் ஒரு பக்கம் இருந்தது, இறால் ஒரு பக்கம் இருந்தது.

சீட்டு நாள் வந்தது. பூவரச மரத்தடியில் குப்பமே கூடியிருந்தது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றோம். மகளைக் குளிப்பாட்டி, பூ வைத்து, சிவப்புத் துணி கட்டிக் கொண்டுபோனேன். போகும் வழியிலேயே அவள் துணியை அவிழ்த்துவிட்டாள். என் வீட்டுக்காரர் காலையில் ஒரு துண்டு கற்கண்டை இடுப்பில் முடிந்ததை நான் பார்த்தேன். எல்லாம் நல்லபடி முடிந்து வீட்டுக்குத் திரும்பியபின் கொடுக்க வைத்திருந்தார் போல.

குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் சட்டியை நடுவில் வைத்தார். குழந்தை எடுத்து அவர் கையில் கொடுக்கிற முதல் கட்டைக்கு முகத்துவாரம். அதுதான் முறை. கற்பூரம் காட்டிவிட்டு, "விடும்மா புள்ளைய" என்றார்.

விட்டேன். நாலடி நடந்தாள். ஒரு நத்தை ஓடு கிடந்தது. குந்தி எடுத்தாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நத்தை ஓட்டைப் பார்த்தது. அதைத் தூர எறிந்துவிட்டுச் சட்டியிடம் போய்ச் சப்பென்று உட்கார்ந்தாள். ஒரு கட்டையை எடுத்தாள், பார்த்தாள், தோளுக்குப் பின்னால் வீசினாள். வட்டக்குறி வீட்டுக்காரர் முகம் செத்தது. அடுத்தது பிறை. அதுவும் பின்னால் போனது. "இன்னா நாட்டாரே, எட்துப் போட்டா கணக்கா, கையில குட்தா கணக்கா?" என்று ஒருவர் எழுந்தார். "கையிலதான். நீ குந்து" என்றார் நாட்டார்.

நாலைந்து கட்டை பறந்தபிறகு அவள் கை நின்றது.

"முள்ளு!"

என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை, ஆனால் கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். நாட்டார் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "முள்ளு தாம்மா. வா கண்ணு, தா" என்றார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தாண்டி நடந்தாள். நேராக அவள் அப்பாவிடம் போனாள். கட்டையை அவர் மடியில் வைத்தாள். இரண்டு கையையும் அவர் முழங்காலில் ஊன்றி, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள்.

அதுவரைக்கும் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எந்தப் பிள்ளைதான் கையில் கிடைத்ததை அப்பனிடம் கொண்டுபோகாது? நாட்டார்கூட, "நைனா கிட்டயே போவுது பாரு" என்று சிரித்தார். அந்தக் கட்டையை என் வீட்டுக்காரர் எடுத்து, "நாட்டாருக்குத் தா கண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முகத்துவாரம் எங்களுடையது. ஒரு வருடம் முழுக்க. சேறு இல்லை, புண் இல்லை.

அவர் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் கண்ணைத் திறந்தாள். அப்பா பார்க்கவில்லையோ என்று நினைத்தாள் போல. முகத்தை அவர் முகத்துக்குக் கீழே கொண்டுபோய், இன்னும் பெரிதாக வாயைத் திறந்து காட்டினாள். உள்நாக்குத் தெரிந்தது. அவர் அசையவில்லை. அவள் வாயை மூடினாள். கட்டையை ஒருமுறை பார்த்தாள், சரியானதைத்தான் எடுத்தோமா என்று. சரியானதுதான். மறுபடி திறந்தாள். இந்த முறை கீழுதடு நடுங்கியது. அழவில்லை. அழுதிருந்தால் நான் ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன்.

நான் பெண்களுக்கு நடுவில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். குடுத்துடாதய்யா, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ என்று ஒரு மனசு. குடுய்யா பாவி, புள்ள நிக்குது பார் என்று ஒரு மனசு. எது பெரிய மனசு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். இலையைப் பிரித்தார். அத்தனை பேர் பார்க்க, கற்கண்டை எடுத்து அவள் வாயில் வைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டு, ஒரு கன்னம் உப்ப, திருப்தியாக அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் ஒருவருக்குப் புரிந்தது. அப்புறம் இருவருக்கு. அப்புறம் மரத்தில் இருந்த காக்கை எல்லாம் எழுந்து பறந்தது. சிலர் அடிக்க எழுந்தார்கள், சிலர் சிரித்துச் சிரித்து மணலில் சாய்ந்தார்கள். வட்டக்குறி வீட்டுக்காரர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வீசினார். தண்ணீர் எடுக்கிற இடத்தில் பெருமூச்சு விட்ட பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பூவரச இலையை எண்ணுகிற மாதிரி மேலே பார்த்தேன்.

நாட்டார் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். மீன்முள் கட்டையைத் தனியாக ஓரத்தில் வைத்தார். மற்ற கட்டைகளைத் துணியால் மூடித் தாமே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். முகத்துவாரம் பிறைக்குறி வீட்டுக்குப் போனது. ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் மீந்தது வடக்குச் சேறு. அதை எங்கள் பக்கம் தள்ளினார். நாலாவது வருடம்.

கூட்டம் கலைந்தது. மகள் அவர் மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள், கன்னத்தில் எச்சிலும் சர்க்கரையும் வழிய. அவர் எழுந்தால் அவள் விழித்துவிடுவாள் என்று உட்கார்ந்தே இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். சட்டியை எடுத்துக்கொண்டு போன நாட்டார் எங்களிடம் நின்றார். அவருக்குக் கோபம் ஆறியிருந்தது, ஆச்சரியம் ஆறவில்லை.

"ஏண்டா, கம்முனு குந்தினு இருந்தா எவனுக்குடா தெரியும்? கைக்கு வந்ததக் கெட்துக்கினியே!"

என் வீட்டுக்காரர் மகளின் வாயோரத்தைத் துடைத்தார்.

"வாயத் தொறந்துனு நின்னுச்சே, நாட்டாரே" என்றார். "இன்னா பண்ணச் சொல்றீங்க?"